யார் வைத்த வரம்பு?

கடந்த 2025 டிசெம்பர் 16 ஆம் நாள் பிற்பகல், ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையின் மண்டபத்திலே, ஒரேயொரு கைத்தொலைபேசியைச் சுற்றிப் பதினைந்து பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்திருந்தனர். நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மலை சரிந்து, லயங்கள் வெடித்து, குடியிருக்க இடமிழந்த எட்டுக் குடும்பங்கள் அம்மண்டபத்தின் மறுபாதியில் தங்கியிருந்தன. ஒரு மூலையில் நிவாரண அரிசி மூட்டைகள். இன்னொரு மூலையில் ஈரத் துணிகள் கொடியிற் கிடந்தன. இவற்றிற்கு நடுவே அபுதாபி நகரத்தில் நடந்துகொண்டிருந்த ஐ.பி.எல். கிரிக்கெட் ஏலத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அவுஸ்திரேலியாவின் கமரூன் கிறீனைக் கொல்கத்தா அணி 25 கோடியே 20 இலட்சம் இந்திய ரூபாவுக்கு எடுத்தது. பின்னர் கண்டியிற் பிறந்த மதீஷ பத்திரனவை அதே அணி 18 கோடிக்கு எடுத்தபோது மண்டபமே அதிர்ந்தது. குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த தாய்மார்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தனர். அக்கூட்டத்தில் பதினைந்து வயது மாணவன் ஒருவன் இருந்தான். வேகப் பந்து வீசுபவன். எங்கள் பாடசாலையின் சரிந்த மைதானத்தில், மின்னிழை நாடா சுற்றிய டென்னிஸ் பந்தால் அவன் வீசுவதைப் பார்க்கத் தோட்டத்து உத்தியோகத்தர்களும் வந்து நிற்பதுண்டு. அவன் மட்டும் ஆரவாரம் அடங்கியபின் என்னிடம் கேட்டான்:

“சேர், கிறீனுக்கு இருவத்தஞ்சு கோடி சொன்னாலும் அவருக்குப் பதினெட்டுக் கோடிதான் குடுப்பாங்களாம். மிச்சம் ஏழு கோடி யாருக்குப் போகும்?”

எனக்குத் தெரியவில்லை. தமிழ் படித்துப் பட்டம் பெற்று, யாப்பும் நன்னூலும் கற்பிக்கும் ஒருவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று நான் தட்டிக் கழித்திருப்பேன். ஆனால் அன்றிரவே அவனுடைய தந்தை மடித்த தாளொன்றை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

“சேர், இத ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க. எல்லாம் இங்கிலீசுல இருக்கு. பையனக் கொழும்புக்குக் கூட்டிப் போய்ப் பழக்கிப் பெரிய ஆளாக்குறாங்களாம். இப்பவே ரெண்டு இலட்சம் கையில தாராங்களாம். நாளன்னைக்கு வருவாங்க.”

நிவாரணப் பொருள்களோடு வந்தவர்களுள் ஒருவர் பையன் பந்து வீசுவதைக் கண்டிருக்கிறார். இரண்டு இலட்சம் ரூபா என்பது அந்தத் தந்தைக்கு ஒரு காம்பராவின் கூரையும் சுவரும். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, “ரெண்டு நாள் பொறுங்க அண்ணே” என்றேன். அந்த இரண்டு இரவுகளிலும் நான் தேடிப் படித்தவற்றையும், அவற்றால் எனக்குள் மாறிய ஓர் எண்ணத்தையுமே இங்கு எழுத முற்படுகின்றேன்.

முதலில் மாணவனின் கேள்விக்கு விடை. ஐ.பி.எல். போட்டியில் ஒவ்வோர் அணியும் தன் ஆட்டக்காரருக்குச் செலவிடத்தக்க தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2008 ஆம் ஆண்டின் முதல் ஏலத்தில் அது 50 இலட்சம் அமெரிக்க டொலர்; 2025 ஆம் ஆண்டுப் போட்டிக்கு 120 கோடி இந்திய ரூபா. அணியில் எட்டு வெளிநாட்டாருக்கு மேல் இருத்தலாகாது. களத்தில் நால்வருக்கு மேல் இறங்கலாகாது. ஆகவே குறித்த பணத்துக்குள், குறித்த சில இடங்களுக்கு, உலகத்து வீரர்களை இழுக்கும் போட்டி மூள்கின்றது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் பேரேலத்தைத் தவிர்த்து, ஆட்கள் அருகிய சிற்றேலத்துக்கு வந்தால் விலை ஏறும் என்பதை வெளிநாட்டார் சிலர் கண்டுகொண்டனர். 2023 டிசெம்பரில் நடந்த சிற்றேலத்தில் மிச்சல் ஸ்டார்க் 24 கோடியே 75 இலட்சத்துக்குப் போனார். அணி உரிமையாளர் முறையிட்டனர். 2024 இல் புதிய விதி பிறந்தது: சிற்றேலத்தில் ஒரு வெளிநாட்டாருக்கு எவ்வளவு கேட்கப்பட்டாலும், அணிகள் தம் வீரரைத் தக்கவைக்கும் உச்சத் தொகையான 18 கோடி, முந்திய பேரேலத்தின் உச்ச விலை ஆகிய இரண்டிற் குறைந்ததற்கு மேல் அவர் கைக்குச் செல்லாது. எஞ்சியது இந்தியக் கிரிக்கெட் சபையிடம், வீரர் நலனுக்கென்று சேரும். கிறீனின் 7 கோடியே 20 இலட்சம் அவ்வாறு சென்றது.

இதை முதலிற் படித்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. உச்சவரம்பு என்ற சொல் எம் போன்றோர் காதுக்கு இனியது. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் 50 ஏக்கருக்கு மேல், வயலாயின் 25 ஏக்கருக்கு மேல், வைத்திருக்கலாகாது என்று விதித்தபோது எழுந்த நம்பிக்கையை மூத்தோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். பணக்கார அணி எல்லாரையும் அள்ளிக்கொள்ளாதபடி வரம்பு தடுக்கின்றது. எளிய அணியும் வெல்லக்கூடும். அதனால் ஆட்டம் சுவைக்கின்றது. இவை பொய்யல்ல. ஒருவனுக்கு 18 கோடி போதாதா என்று கேட்கும் தொழிலாளியின் வாயை நாம் எப்படி அடைப்பது? ஆயினும் ஒரு நெருடல் இருந்தது. மேல்வரம்பு விதிக்கப்பட்டது யாருடைய உடைமைக்கு? அணி உரிமையாளரின் இலாபத்துக்கு இங்கு வரம்பில்லை. வரம்பு விழுந்திருப்பது ஆடுகிறவனின் ஊதியத்தின் மீது.

இந்நெருடலைத் தெளியவைத்தது அமெரிக்கரின் பேஸ்போல் விளையாட்டு. உருட்டைத் தடியால் பந்தை அடித்து நான்கு தளங்களைச் சுற்றி ஓடும் அவ்விளையாட்டில், வெளிநாட்டுச் சிறுவரை அணிகள் சேர்த்துக்கொள்ளும் முறை நம் தோட்டத்துப் பிள்ளைகளின் பெற்றோர் அறிய வேண்டியதொன்று. டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா முதலிய நாடுகளின் சிறுவர் பதினாறு வயதில் ஒப்பமிடலாம். ஒப்பமிடும்போது தரும் முன்பணமே பெரும்பாலோர் அவ்விளையாட்டிற் காணும் பெருந்தொகை. முன்னர் அதற்கு எல்லை இருக்கவில்லை. 2011 ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒவ்வோர் அணிக்கும் ஒரு தொகையைக் குறித்து, மீறினால் தண்ட வரி விதித்தது. பணமுள்ள அணிகள் வரியைக் கட்டிவிட்டு மீறின. 2015 இல் பொஸ்டன் அணி கியூபாவின் யோவான் மொன்காடா என்ற இளைஞனுக்கு 3 கோடியே 15 இலட்சம் டொலர் கொடுத்து, ஏறத்தாழ அதேயளவு வரியையும் செலுத்தியது. 2016 இல் எழுதிய அடுத்த ஒப்பந்தம் தண்ட வரியை நீக்கி, மீறவே முடியாத வரம்பை வைத்தது. 2017 முதல் ஓர் அணி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் டொலருக்குள் தன் வெளிநாட்டுச் சிறுவர் அனைவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மேலதிகம் வேண்டுமெனில் வேறோர் அணியின் வரம்பிலிருந்து ஒரு பங்கை, தன் ஆட்டக்காரனைக் கொடுத்து, மாற்றிக்கொள்ளலாம்.

இந்த வரம்பு என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானின் ஷொஹேய் ஒட்டானி உலகறிந்த சான்று. அவர் 2017 டிசெம்பரில் அமெரிக்காவுக்குச் சென்றபோது வயது இருபத்துமூன்று. இருபத்தைந்துக்குக் குறைந்த வெளிநாட்டார் யாவரும் அவ்வரம்புக்குள் அடங்குவர். ஆகவே அவர் பெற்ற முன்பணம் 23 இலட்சத்து 15 ஆயிரம் டொலர். அவரை விடுவித்ததற்காக அவருடைய ஜப்பானிய அணி பெற்றது 2 கோடி டொலர். ஆறாண்டுகளின் பின், தடை நீங்கி அவரே பேரம் பேசியபோது, லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணி பத்தாண்டுகளுக்கு 70 கோடி டொலருக்கு உடன்பட்டது. இடையில் அவர் திறமை வளர்ந்தது உண்மை. ஆனால் 2017 இல் அவர் விலையைத் தீர்மானித்தது அவருடைய திறமையல்ல; பிறந்த நாடும் வயதும்.

வரம்பை மீறியோரும் உண்டு. ஒருவனுக்குரிய பணத்தை இன்னொருவன் பெயரிற் காட்டி மறைத்த குற்றத்துக்காக, 2017 நவம்பரில் அட்லாண்டா அணி பதின்மூன்று இளைஞரை இழந்தது. அதன் மேலாளர் வாழ்நாள் தடை பெற்று, 2023 இல் மீள அனுமதிக்கப்பட்டார். பதினாறு வயதுவரை காத்திராமல், பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவரிடமே வாய்மொழியாய் முடிவு செய்துவிடும் வழக்கமும் அங்கு பரவியுள்ளது. அச்சிறுவரைச் சேரியிலும் கரும்புத் தோட்டத்திலும் தேடிப் பிடித்து, உணவும் உறைவிடமும் கொடுத்துப் பழக்கி, அணிகளுக்குக் காட்டும் இடையாளுக்குப் ‘புஸ்கோன்’ என்று பெயர். தேடித் திரிபவன் என்ற பொருளில் வரும் ஸ்பானியச் சொல். சிறுவனின் முன்பணத்தில் நூற்றுக்கு முப்பதும் அதற்கு மேலும் அவர் எடுப்பதுண்டு.

அந்நாட்டின் சான் பெட்ரோ டி மக்கோரிஸ் என்ற நகரத்தைப் பற்றிப் படித்தபோது நான் சற்று நேரம் மேலே படிக்கவில்லை. அது சீனி ஆலைகளின் நகரம். ஆங்கிலேயரின் கரிபியன் தீவுகளிலிருந்து கரும்பு வெட்டக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் சந்ததி அங்கு வாழ்கின்றது. அவர்களைக் ‘கொக்கொலோ’ என்று ஏளனமாய் அழைத்தனராம். ஊருக்குப் புறத்தே, ஆலைக்காரன் கட்டிய குடியிருப்பில் வாழ்ந்த அம்மக்களின் பிள்ளைகளுள் பலர் புகழ்பெற்ற பேஸ்போல் வீரராயினர். அதே ஊர் தந்த சமி சோசா 1985 இல், பதினாறு வயதில், 3500 டொலருக்கு ஒப்பமிட்டார். பெருந்தோட்டம் எங்கு உண்டோ அங்கு மலிந்த உழைப்பு உண்டு. மலிந்த உழைப்பு உள்ள இடத்துக்கு மலிந்த திறமையைத் தேடியும் ஆள் வருவான்.

இப்போது நான் என் பாட்டியிடம் வருகின்றேன். என் குழந்தைப் பருவத்தில் அவர் அடிக்கடி சொல்லும் ஒரு சொல் எனக்கு விளங்கியதில்லை. யாரேனும் வீண் கடன் வாங்கினால், “துண்டுல ஏத்திட்டான்” என்பார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலேதான் அதன் பொருள் எனக்குப் புலனாயிற்று.

கோப்பிக் காலத்திலும் பின்னர் தேயிலைக் காலத்திலும் இங்குள்ள துரைமாருக்கு வேண்டியது ஆள். ஆள் இருந்தது கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டுக் கிராமங்களில். கங்காணி தன் ஊருக்குப் போய், பஞ்சத்தில் வாடிய குடும்பத்தின் கடனை அடைத்து, வழிச்செலவு கொடுத்து, ஆள் கட்டிக்கொண்டு வருவான். அந்த முன்பணம் முழுதும் தொழிலாளியின் பெயரிற் கடனாகும். மண்டபம் முகாமிற் கழுத்திற் கட்டிய தகர வில்லையில் அவர் போகும் தோட்டத்தின் எண் பொறித்திருக்கும். தோட்டத்துக்கு வந்தபின், ஆட்களோடு வேறிடம் போகக் கங்காணி விரும்பினால், துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்: இவ்வளவு தொகை தந்தால் இத்தனை ஆட்களை விடுவிப்பேன் என்று. அதுவே துண்டு. அதை எடுத்துக்கொண்டு கங்காணி தோட்டந்தோட்டமாய்ச் செல்வான். ஆள் தட்டுப்பட்ட துரை அத்தொகையைக் கட்டி, மேலும் கொஞ்சம் கொடுத்து இழுத்துக்கொள்வார். ஏலமன்றி இது வேறென்ன?

ஏலத்தில் விலை ஏறினால் விற்கப்படுகிறவனுக்கு ஆதாயம் என்று நாம் எண்ணுவோம். துண்டு முறையில் அப்படி நடக்கவில்லை. துரைமார் போட்டியிட்டு உயர்த்திய ஒவ்வொரு ரூபாவும் தொழிலாளியின் கடனாகவே அடுத்த துண்டில் எழுதப்பட்டது. ஆதாயம் கங்காணிக்கு, கடன் கூலிக்கு. இப்போட்டியாற் செலவு பெருகுவதைக் கண்ட துரைமார், தலைக்கு இவ்வளவுக்கு மேல் முன்பணம் கொடுப்பதில்லை, ஒருவர் ஆளை மற்றவர் இழுப்பதில்லை என்று தமக்குள் கட்டுப்பாடு செய்ய முயன்றனர். 1854 இல் தோன்றிய தோட்டத்துரைமார் சங்கம் அவர்களுக்கு இருந்தது. 1904 இல் ஆள் சேர்ப்பை ஒழுங்குபடுத்தத் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழில் ஆணையகம் திறக்கப்பட்டது. கட்டுப்பாட்டைத் தாமே மீறவும் செய்தனர். ஆள் குறைந்த தோட்டத்தில் கொழுந்து முற்றிவிடுமல்லவா? கடைசியில் 1921 ஆம் ஆண்டுச் சட்டமே துண்டை ஒழித்தது. போட்டி நடந்தபோதும் தொழிலாளியிடம் யாரும் கேட்கவில்லை. வரம்பு பேசியபோதும் கேட்கவில்லை.

18 கோடி வாங்கும் ஆட்டக்காரனையும் கங்காணியின் கடனிற் பிறந்து கடனில் மாண்டவனையும் ஒப்பிடுவது நியாயமா என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். ஒப்பிடலாகாது. வசதியில் இருவரும் மலையும் மடுவும். நான் ஒப்பிடுவது வரம்பை வைத்த மேசையை. அம்மேசையில் யார் இருந்தார், யார் இருக்கவில்லை என்பதை.

அமெரிக்கப் பேஸ்போல் வீரருக்குப் பலம் வாய்ந்த தொழிற்சங்கம் உண்டு. 1966 இல் அதன் பொறுப்பை ஏற்ற மார்வின் மில்லர் உருக்குத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்தவர். தம் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்க முதலாளிமார் முயன்றபோது, 1994 ஓகஸ்டில் அவ்வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அது 232 நாள் நீடித்தது. அவ்வாண்டின் இறுதிப் போட்டியே நடைபெறவில்லை. வரம்பும் வரவில்லை. உலகத் தொழிலாளர் போற்றத்தக்க போராட்டம். ஆனால் 2016 இல் வெளிநாட்டுச் சிறுவர்மீது மீற முடியாத வரம்பு விழுந்தபோது, அதே சங்கமே அதற்கு ஒப்பமிட்டது. காரணம் எளிது. ஒப்பமிடாத சிறுவன் சங்க உறுப்பினன் அல்லன். அவனுக்கு வாக்கில்லை. தமக்கு வேண்டியவற்றைப் பெறும் பேரத்தில், அறையில் இல்லாதவனின் பங்கை விட்டுக்கொடுப்பது இலகு.

மலையகத்தில் இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, அடுத்த ஆண்டு வாக்கையும் இழந்த மக்கள் நாம். 1964 இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் ஒப்பமிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் உனக்கு, 3 இலட்சம் பேர் எனக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பின்னர் பார்ப்போம் என்று பிரித்தபோது, பிரிக்கப்பட்டவர் எவரும் அம்மேசையில் இருக்கவில்லை. 1974 இல் அந்த ஒன்றரை இலட்சமும் பாதிப் பாதியாயிற்று.

முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920 இல் தேயிலைத் தோட்ட வேலைக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். 88 ஆண்டுகளின் பின்னர், 2008 ஆம் ஆண்டு ஏலத்தில், சென்னை அணி பேரனை 6 இலட்சம் டொலருக்கு எடுத்தது. அன்று எம் லயங்களில் வெடி கொளுத்தினர். 2013 இல், இலங்கைப் போரின் கொடுமைகளால் தமிழ்நாட்டில் எழுந்த கொதிப்பிடையே, இலங்கை வீரர் எவரும் சென்னையில் ஆடலாகாது என்று முடிவாயிற்று. அவ்வாண்டு பெங்களூர் அணியிலிருந்த முரளிதரனும் அதற்குள் அடங்கினார். கொதிப்புக்கு நியாயம் இருந்தது. ஆனால் பாட்டனைக் கப்பலேற்றிய கரையில் பேரன் ஆடலாகாது என்ற முடிவும் அவரைக் கேட்டு எடுக்கப்பட்டதன்று.

ஆகவே என் எண்ணம் மாறியது. வரம்பு என்ற சொல்லில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. உடைமைக்கு மேல்வரம்பு வேண்டும். உழைப்புக்குக் கீழ்வரம்பு வேண்டும். 1927 ஆம் ஆண்டின் சட்டத்தால் நமக்குக் கிடைத்தது கீழ்வரம்பு. 1929 இல் உயர்மலைத் தோட்டத்தில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று அது நடைமுறைக்கு வந்தது. அற்பமாயினும் அதற்குக் கீழே இறங்க முடியாது என்ற உறுதி. அந்தக் கீழ்வரம்பு 2021 இல் 1000 ரூபாவாக உயர்ந்தபோதும், 2024 இல் 1700 ஆக அறிவிக்கப்பட்டபோதும் கம்பனிகள் நீதிமன்றத்துக்கு ஓடின. 2024 செப்டெம்பரில் 1350 என்று முடிந்தது. தலைக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை என்னும் வரம்பை ஒழுங்கு என்பர். இவ்வளவுக்குக் கீழ் இல்லை என்னும் வரம்பை அநியாயம் என்பர். இதை நம் பிள்ளைகள் பொருளியற் பாடத்துக்கு முன்னரே படித்துவிட வேண்டும்.

மூன்றாம் நாள் காலை. தாளை நான் வரி வரியாகத் தமிழில் எழுதி வைத்திருந்தேன். பத்தாண்டுகளுக்குப் பையன் எந்த நாட்டில், எந்த அணியில் ஆடிப் பெறும் பணத்திலும் நூற்றுக்கு முப்பது அவர்களுக்கு. இப்போது தரும் இரண்டு இலட்சமும், உணவு, உறைவிடம், பயிற்சிச் செலவும் அவன் பங்கிலிருந்து முதலிற் கழிக்கப்படும். இடையில் விலகினால் செலவு முழுதையும் தந்தை திருப்பிக் கொடுக்க வேண்டும். செலவுக் கணக்கை எழுதுவோரும் அவர்களே. என் பாட்டி இருந்திருந்தால் ஒரே சொல்லில் விளக்கியிருப்பார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாலாண்டுகளுக்கு முன் என் வகுப்பிற் படித்த வேறொரு பையனைக் கொழும்புக் கடையொன்றுக்கு அழைத்துப் போக ஒருவர் முன்பணத்தோடு வந்தபோது, அது அக்குடும்பத்தின் விடயம் என்று நான் ஒதுங்கியிருந்தேன். அவன் பின்னர் பாடசாலைக்குத் திரும்பவேயில்லை. இம்முறை ஒதுங்க என்னால் முடியவில்லை. வாசித்துக் காட்டியபின் தந்தை கேட்டார்:

“அப்ப, போட வேணாம்னு சொல்றீங்களா சேர்?”

“வேணாம்னு சொல்லல அண்ணே. தனியாப் போடாதீங்க. இதே தாள் இன்னும் ரெண்டு வீட்டுக்கும் வந்திருக்கு. எல்லாரும் சேர்ந்து அவர்கிட்ட கேப்போம்.”

வந்தவர் மண்டபத்து வாங்கில் மூன்று தந்தையரும் இரு தாய்மாரும் இரண்டு ஆசிரியரும் அமர்ந்திருப்பதைக் கண்டு சற்றுத் தயங்கினார். நாங்கள் கேட்டவை மூன்று. முப்பதைப் பத்தாக்குங்கள். செலவுக் கணக்கை மாதந்தோறும் பெற்றோருக்குக் காட்டுங்கள். க.பொ.த. சாதாரண தரம் முடியும்வரை பையன் படிக்க வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே, “மாஸ்டர், நாங்க செய்யிறது உதவி. இதுல பேரம் பேசினா பையனோட எதிர்காலம்தான் கெடும்” என்றார். மறுமொழி சொல்வதாகக் கூறிச் சென்றவர் திரும்பவில்லை. ஒரு வாரத்தின் பின், பள்ளத்தாக்கின் மறுபக்கத் தோட்டத்தில் ஒரு பையன் ஒப்பமிட்டு, கொழும்புக்குப் போய்விட்டான் என்று அறிந்தோம். எங்கள் பையனளவு வேகமில்லாதவன்.

வெற்றி என்று இதைச் சொல்ல நான் துணியேன். அந்தத் தந்தைக்கு இன்னும் கூரையில்லை. மகன் என்னோடு பேசுவதில்லை. வகுப்பிற் கேள்வி கேட்டால் எழுந்து நின்று, விடையை மட்டும் சொல்லி அமர்ந்துவிடுகிறான். அவன் வாய்ப்பைக் கெடுத்தது நான்தான் என்று அவன் எண்ணுகிறான். அவன் எண்ணுவது தவறென்று நிறுவ என்னிடம் சான்று ஒன்றுமில்லை.

ஆனால் பள்ளத்தாக்கின் மறுபக்கத்தைப் பற்றி நான் விடாது நினைக்கிறேன். துரைமாருக்கு 1854 முதல் ஒரு சங்கம் இருந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் கடிதம் போயிற்று. ஐ.பி.எல். அணிகள் ஒரே அறையில் அமர்ந்து விதி செய்கின்றன. இந்தியாவில் 2019 இல் அமைந்த கிரிக்கெட் வீரர் சங்கமோ ஓய்வு பெற்றோருக்கு மட்டுமே உரியது. இன்று ஆடுகிறவனுக்கு அங்கு சங்கமில்லை. நாங்களோ ஒரு தோட்டத்து மூன்று குடும்பங்கள் சேர்ந்து அமர்ந்ததையே பெரிதென்று எண்ணிவிட்டோம். அடுத்த தோட்டத்து ஆசிரியருக்கு ஒரு சொல் அனுப்ப எனக்குத் தோன்றவில்லை. வாங்குவோர் மலை தாண்டிக் கூடுகின்றனர். நாம் லயத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறோம்.

இப்போது சுற்றுப்புறப் பாடசாலைகள் ஐந்தின் ஆசிரியர் சிலர் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். கடை வேலைக்காயினும், வெளிநாட்டு வேலைக்காயினும், விளையாட்டுக்காயினும், பிள்ளையைக் கேட்டு வரும் எந்தத் தாளும் தமிழில் எழுதிப் பெற்றோர் முன் வாசிக்கப்பட வேண்டும். அதிற் கண்டதை மற்ற நான்கு பாடசாலைகளுக்கும் உடனே அறிவிக்க வேண்டும். இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்கள் தத்தம் ஊரில் இதைச் செய்ய முடியுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். பெரிய காரியமன்று. ஒரு கொப்பியும் ஐந்து தொலைபேசி எண்களும் போதும்.

நேற்று மாலை அவன் மைதானத்தில் தனியே பந்து வீசிக்கொண்டிருந்தான். பந்து சரிவில் உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்து எறிந்தேன். ஒன்றும் பேசாமல் பிடித்துக்கொண்டு, திரும்பவும் தன் ஓட்டத்தைத் தொடங்கும் இடத்துக்கு நடந்து போனான்.